எந்தக் கோப்பையால் ஒரு கோப்பை?

“…வடிவா வந்திட்டுது எண்டு நீங்கள் ரெண்டு பேரும் சந்தோசப்படுறியள். படுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா பிள்ளை, நான் இவ்வளவு காலமும் எல்லாற்ற வீட்டிலயும் கோப்பையைத்தான் நிறுத்தனான். கையை ஒரு நாளும் நிறுக்கேல்லையே!”

கண்டி டவுனிலிருந்து மஹய்யாவவுக்கு ஏறுகிற ரோட்டில், பாதி மேட்டில் நின்றுகொண்டு அக்கா இதைச் சொன்னார். எனக்கு மூச்சு வாங்கியது. கூட வந்த பிலோமினாவுக்குச் சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரன், “அம்மாமாரே, ஓரமா நின்னு யோசிங்களேன்” என்று சத்தம் போட்டான். அக்கா அசையவில்லை. வண்டிதான் ஒதுங்கிப் போனது.

கையை எப்படி நிறுப்பது, எதற்கு நிறுப்பது என்று கேட்பீர்கள். அதற்கு அக்காவைத் தெரிந்திருக்க வேண்டும்.

பேரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களும் இல்லை. எனக்கு அக்கா. மற்றவர்களுக்கு டிஸ்பென்சரம்மா. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம். புருசன் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கிறவர். நான் கம்பளையிலிருந்து கல்யாணமாகி, முனிசிபல் கந்தோரில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரோடு மஹய்யாவவில் குடி வந்த வருசமே அவர்களும் பக்கத்து வீட்டுக்கு வந்தார்கள். பெரிய மலேரியா வருவதற்குச் சில வருசம் முந்தி.

புதிதாகக் குடி வந்தவர்கள் அடுத்த வீட்டுக்கு வந்தால் நெருப்புக் கேட்பார்கள், இல்லாவிட்டால் கறிவேப்பிலை கேட்பார்கள். இவர் வந்து வாசலில் நின்று, “பிள்ளை, உங்கட அரிசிச் சுண்டை ஒருக்காத் தாறியோ?” என்று கேட்டார். சுண்டு என்பது எங்கள் பக்கத்தில் அரிசி அளக்கிற சின்னத் தகரக் குவளை. பாவம், அரிசி முடிந்துவிட்டது, கேட்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்து நான் கோபுரமாக அரிசி நிரப்பிக் கொடுத்தேன். அரிசியைத் திருப்பி என் பானையிலேயே கொட்டிவிட்டு, வெறும் சுண்டைக் கவிழ்த்துப் பார்த்தார். உள்ளே விரலை விட்டுத் தடவினார்.

“இது எத்தினை அவுன்ஸ் பிடிக்கும்?”

“ஒரு சுண்டு பிடிக்குங்க” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. கேலி இல்லை. நல்ல விடுகதை ஒன்றைக் கேட்ட மாதிரி. “சரியாச் சொன்னாய். எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுகினம். அதுதானே சங்கடம்” என்றார்.

அன்றைக்குச் சாயந்தரமே தராசோடு வந்துவிட்டார். மருந்து நிறுக்கிற பித்தளைத் தராசு. உள்ளங்கை அளவில் இரண்டு தட்டு. டிஸ்பென்சர் ஐயாவுக்கு ஆஸ்பத்திரியில் புதுத் தராசு வந்தபோது பழையதைக் கேட்டு வாங்கி வந்தாராம். அதில் ஒரு சுண்டு அரிசியை ஒரேயடியாகப் போட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு தரமும் வாய்க்குள் எண்ணிக்கொண்டு நிறுக்க வேண்டும். நடுவில் யாராவது பேசினால் கணக்கு விட்டுப்போகும். அதனால் அக்கா தராசை எடுத்தால் வீடே வாயை மூடிக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் கந்தோரிலிருந்து வந்து, “என்னம்மா, வீட்டுல சாவா?” என்று பயந்துபோய்க் கேட்டார். “சுண்டை நிறுக்கிறாங்க” என்று காதுக்குள் சொன்னேன். மனுசன் ஒன்றும் புரியாமல் திரும்பப் படலையைத் தாண்டி வெளியே போய் நின்றுகொண்டார்.

அளப்பதற்கு அக்காவிடம் ஒரு முறை இருந்தது. கோப்பையை மேசைமேல் வைத்து, கரண்டியால் மெதுவாகத் தூவி நிரப்புவார். கோபுரம் கட்டியதும் கத்தியின் முதுகால் ஒரே வழி வழித்துவிடுவார். பிறகுதான் நிறுப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார். “மற்றவை நிரப்பினால் மற்றவையின்ர அவசரமும் உள்ளுக்குப் போயிடும்” என்பார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

நிறுத்து முடிந்தால் மருந்துப் போத்தலில் ஒட்டுகிற லேபிளில் அவுன்சை எழுதி, நாக்கில் தடவி, கோப்பையின் அடியில் ஒட்டிவிடுவார். ‘குலுக்கிவிட்டுக் குடிக்கவும்’ என்று இங்கிலீசில் அச்சடித்த லேபிள். எங்கள் வரிசை வீடுகளில் அடியில் லேபிள் இல்லாத சுண்டோ பால் குடிக்கிற தகரப் பேணியோ கிடையாது. நாலாம் வீட்டுப் பெரியவருக்கு இங்கிலீஸ் வாசிக்கத் தெரியும். அரிசிச் சுண்டைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, இது விசமோ மருந்தோ தெரியவில்லை என்று ஒரு நேரம் சோறே வேண்டாம் என்றுவிட்டாராம்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அக்கா ஒரு குணம் சொல்லுவார். என்னுடையது கள்ளச் சுண்டு. “வெளியில பெரிசு பிள்ளை, உள்ளுக்கு அடி மேல ஏறிக் கிடக்கு. இது பாத்துச் சிரிச்சுக்கொண்டு ஏமாத்துற ஆள்.” மூன்றாம் வீட்டுக்காரியுடையது தாராளச் சுண்டு. அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று ஒரு நாள் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். கல்யாணமாகி முதன்முதல் கண்டிக்கு வந்தபோது, புருசன் வீட்டாருக்குப் பிட்டு அவித்தாராம். ஊரில் தாயார் சொல்லிக் கொடுத்த கணக்கு: இத்தனை சுண்டு மாவுக்கு இத்தனை பேணி தண்ணீர். மா அளந்தது கண்டிச் சுண்டு. தண்ணீர் அளந்தது ஊரிலிருந்து கொண்டுவந்த பேணி. “பிட்டு எண்டா பிட்டோ? எறிஞ்சா நாய் சாகும். மாமனார் பல்லை ஒரு கையால பிடிச்சுக்கொண்டு, ‘நல்லாயிருக்கு மோனை’ எண்டார். நான் அழேல்லை. எனக்கு என்னண்டா, ஒரே சுண்டு எண்டு சொல்லுகினம், ஏன் ஒண்டா இல்லை? அண்டு ராவு முழுக்க அதுதான் யோசினை.”

அழவில்லை, யோசித்தேன் என்றாரே, அதுதான் அக்கா. அந்தக் குணத்தை நான் ரசித்ததும் உண்டு, பின்னால் ஒரு நாள் அதைக் கண்டு கோபப்பட்டதும் உண்டு.

“கோப்பை எண்டால் எந்தக் கோப்பை?” இதுதான் அவர் வாயில் எந்நேரமும். கல்யாண வீட்டில் நாலு பெண்கள் சேர்ந்து தொதல் இனிப்புக் கிண்டுவதைப் பற்றிப் பேசினால் போதும். “மூண்டு கோப்பை மா” என்று ஒருத்தி தொடங்குவாள். பந்தலின் அந்தக் கோடியிலிருந்து அக்கா எழும்புவார். “ஐயோ, வர்றாங்கடி” என்று பெண்கள் பேச்சை மாற்றி, மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு தரம் என்னோடு கம்பளைக்கு, என் தாய் வீட்டுக்கு வந்தார். வழியில் கடைத்தெருவில் தேங்காயெண்ணெய் வாங்கப் போனோம். எண்ணெயைப் போத்தலால் அளக்கிறார்கள், மிளகாயை றாத்தலால் நிறுக்கிறார்கள். அக்காவுக்கு இது பொறுக்குமா? “தம்பி, ஒரு போத்தல் எண்ணெய் எத்தினை றாத்தல் வரும்?” என்று கேட்டார். கடைக்காரர் புனலைப் பிடித்தபடி, “தெரியாதும்மா” என்றார். “அப்ப ஒரு போத்தல் தண்ணி?” “அதுவும் தெரியாது.” “எது பாரம் கூட எண்டாவது தெரியுமோ?” கடைக்காரர் புனலைக் கீழே வைத்தார். “அம்மா, நீங்க எண்ணெய் வாங்க வந்தீங்களா, எண்ணெயோட சம்பந்தம் பேச வந்தீங்களா?” கடையே சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஆனால் ரயிலில் திரும்பி வரும்போது ஒரு கையில் எண்ணெய்ப் போத்தல், மறு கையில் தண்ணீர்ப் போத்தல். கண்ணை மூடிக்கொண்டு தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். எதிர்க் கதிரையில் இருந்த ஆச்சி சிலுவை போட்டுக்கொண்டார்.

பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் எல்லோரும் தாய் சாயலா, தகப்பன் சாயலா என்று பார்ப்பார்கள். அக்கா, “பாரம் என்ன?” என்பார். டிஸ்பென்சர் ஐயா சாதுவான மனுசர். வெற்றிலையை மடித்துக்கொண்டே, “இந்த வீட்டில இன்னும் நிறுக்காமல் மிஞ்சிக் கிடக்கிறது நான் மட்டுந்தான்” என்பார். “உங்களை ஏன் நிறுக்க? பாத்தாலே தெரியுது, ஆள் லேசு” என்று அக்கா உள்ளேயிருந்து சொல்லுவார்.

இப்படிச் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் பிலோமினா வந்தாள்.

பிலோமினா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், அக்காவுக்குக் கோயிலில் பழக்கம். புருசன் செத்த பிறகு கைப்பிள்ளையோடு கண்டிக்கு வந்து, வாவிப் பக்கத்தில் வெள்ளைக்கார வழி வந்த ஒரு பறங்கி நோனா வீட்டில் சமையலுக்கு நின்றாள். பிள்ளை வளர்ந்து கோயில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தது. அந்த நோனா செய்யக் கற்றுக் கொடுத்த லவ் கேக்கை நோனாவை விட நன்றாகப் பிலோமினா செய்வாள், நோனாவே அப்படிச் சொல்லுவாராம். ரவை, சீனி, கஜு என்கிற முந்திரிப்பருப்பு, முட்டை, தேன், சீனிப்பாகில் ஊறின பூசணித் தோசி, பன்னீர் என்று போட்டு, மேலே மொறுமொறுவென்று, உள்ளே ஈரமாக வரும். அந்த நோனாவுக்கு வயதாகிவிட்டது. கொழும்பில் மகளோடு போய் இருக்கப் போகிறார். பிலோமினாவுக்கு அண்ணன் தோட்டத்திலிருந்து ஆள் அனுப்பிவிட்டான்: வீடு இருக்கு, வந்து கொழுந்து எடு, பிள்ளையும் கொஞ்ச நாளில் கூடையைத் தூக்கலாம்.

அந்தக் கடைசிச் சொல்தான் அவளைக் குத்தியது. “பொண்ணு நாலு எழுத்துப் படிச்சுக்கிட்டு இருக்குதுங்க. திரும்ப அந்த லயத்து ஒத்தை அறைக்குள்ள கொண்டுபோய் விட மனசு வரல்லீங்க” என்று என் குசினி வாசலில் உட்கார்ந்து சொன்னாள்.

ஒரு வழி இருந்தது. டவுனில் பேக்கரி வைத்திருந்த அலவத்துகொட ஊர்க்கார முதலாளி அந்த நோனா வீட்டில் லவ் கேக் சாப்பிட்டிருக்கிறார். “நம்மட பேக்கரிக்கி வாங்க. ஆனா இங்க கோப்பை கீப்பை ஒண்டும் இல்ல. காலைல ஸ்டோர்க்காரன் நிறுத்துத் தாற சாமான்லதான் வேல. எது எத்தன றாத்தல் எண்டு செல்லுங்க. அதுல நம்மட போறணையில ஒரு கேக் போட்டுக் காட்டுங்க. நோனா வீட்டுக் கேக் மாதிரி இருந்தா வேல உங்களுக்கு” என்றாராம். நியாயமான மனுசர்தான். போறணை என்றால் பேக்கரிப் பெரிய அடுப்பு. ஒரே தரத்தில் பல தட்டு வேகும். ஆளுக்கு ஒரு கோப்பையோடு நின்றால் அங்கே கதை நடக்காது.

பிலோமினாவுக்கு றாத்தல் தெரியாது. நோனா தந்த கைப்பிடி உடைந்த பீங்கான் கோப்பை ஒன்றுதான் தெரியும். எல்லாம் அந்தக் கோப்பையால் இத்தனை, அந்தக் கோப்பையால் அத்தனை. “கேக் வந்தா கண்டி. வராட்டித் தோட்டம்” என்றாள். 

அக்காவுக்கு முகம் எப்படி மலர்ந்தது என்று நினைக்கிறீர்கள்! இத்தனை வருசமும் கோப்பைப் பேச்செடுத்தாலே நாங்கள் ஓடி ஒளிந்தோம், இப்போது ஒருத்தி தானாகவே கோப்பையைக் கொண்டுவந்து நீட்டுகிறாள். “இது சின்னப்பிள்ளை வேலை” என்று சொல்லி, கோப்பையைக் கழுவித் துடைத்து, தூவி நிரப்பி, கத்தி முதுகால் வழித்து, ரவை எவ்வளவு, சீனி எவ்வளவு, நறுக்கின கஜு எவ்வளவு என்று ஒவ்வொன்றாக நிறுத்தார். கோப்பையின் அடியில் லேபிளும் ஒட்டியாயிற்று.

பேக்கரிக்குப் போகும் முன் வீட்டில் ஒரு தரம் போட்டுப் பார்த்துவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். அக்கா நிறுத்துக் கொடுத்தார். பிலோமினா கலந்தாள். கீழேயும் மேலேயும் தணல் போட்டு என் வீட்டுக் குசினியில்தான் வெந்தது. வாசனைக்கு வரிசையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் படலையில் தொங்கினார்கள்.

தட்டை இறக்கினால், நடு அமிழ்ந்து கிடந்தது. கத்தி போட்டால் வெட்டுப்படவில்லை, கத்தியோடு இழுபட்டு வந்தது. கேக் இல்லை, களி.

பிலோமினா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா குனிந்து, களியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். முகத்தில் வெளிச்சம்!

“பிழைச்சுப் போச்சு! பாத்தியோ பிள்ளை? அதே கோப்பை, அதே சாமான், அதே கை. ஏன் பிழைச்சது?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அக்கா, அவ அழுறா. நீங்க சிரிக்கிறீங்க” என்றேன்.

அவர் திடுக்கிட்டுப் பிலோமினாவைப் பார்த்தார். அப்போதுதான் அவள் அங்கே இருப்பது தெரிந்த மாதிரி. பிறகு அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, “இஞ்சை பார் பிலோமினா, நான் உன்னைப் பாத்துச் சிரிக்கேல்லை. பிழை எண்டது எங்கயோ ஒளிச்சு நிக்குது. அதைப் பிடிக்கலாம் எண்டுதான் சிரிச்சனான். பிடிச்சுத் தருவன். தராட்டி நீ தோட்டத்துக்குப் போற நாள் நானும் கூட வந்து கூடை சுமக்கிறன்” என்றார். “உங்களால ஏற முடியாதுங்க, அட்டை வேற கடிக்கும்” என்று அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள். கோபத்துக்குள்ளேயே எனக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு தேடல்தான். முட்டையில் பிழையா? இல்லை. தணல் போதவில்லையா? அதே தணலில் பிலோமினா தன் கோப்பையால் அளந்து இன்னொன்று போட்டாள். ராசாத்தி மாதிரி வந்தது. அப்படியானால் தராசில் பிழையா? அக்கா அதைத் துணியில் சுற்றி ஐயாவின் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்ப் புதுத் தராசோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு குன்றிமணி கூட வித்தியாசம் இல்லை. கோப்பையும் அதே, தராசும் சரி. அப்ப பிழை எங்கே?

“நீ அளக்கிறதை நான் பாக்கவேணும்” என்றார் கடைசியில்.

பிலோமினா வந்து பாயில் உட்கார்ந்தாள். அக்கா எதிரில். பெரிய பாத்திரம் நிறைய வறுத்த ரவை. நற்கருணை வாங்கப் போகிறவள் மாதிரிப் பக்தியாக, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி நிரப்பி, விரலால் வழித்து நீட்டினாள். நிறுத்தால், அக்கா நிறுத்த அதே நிறை. இன்னொரு தரம். அதே நிறை.

“வீட்டிலயும் இப்பிடித்தான் அளக்கிறனியோ?”

“இப்பிடித்தாங்க. வேற எப்பிடி அளப்பாங்க?”

அக்கா தலையைச் சொறிந்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரு கண் சைகை. தராசு கையில் இருந்தால் எங்களை மூச்சு விட விடாத மனுசி, “நீ கதை பிள்ளை” என்றார். “வாய் வலிக்கக் கதை. பிலோமினா, நீ கோப்பையை விடாதை. அளந்து அளந்து இந்தப் பாத்திரத்தில இருந்து அந்தப் பாத்திரத்துக்குப் போட்டுக்கொண்டிரு. நான் கொஞ்சம் தூரப் போறன்.” எழும்பிப் போய் அலுமாரியில் எதையோ தேடுகிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அலுமாரிக் கதவில் ஒரு கண்ணாடி இருந்தது.

கதைக்கச் சொன்னால் எனக்குக் கேட்க வேண்டுமா? தோட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அப்பாவைப் பற்றி, அம்மாவைப் பற்றி. அரிசி கொடுக்கிற நாள் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அங்கேதான் பிலோமினாவுக்குச் சூடு பிடித்தது.

“அதக் கேட்காதீங்க! காலையில போயி வரிசையில நின்னா, அளக்கிறவன் ஒருத்தன் இருப்பான். கொத்துப் படிக்குள்ள அரிசிய மேலயிருந்து பூப் போடுற மாதிரித் தூவுவான். தூவிட்டு ஒரு குச்சியால சர்ருனு ஒரு இழுப்பு. பாத்தா கொத்து நெறஞ்சிதான் இருக்கும். உள்ள பூராக் காத்து! எங்கம்மா விடாது. ‘ஏன்யா, அரிசி அளக்கிறியா, காத்து அளக்கிறியா, தட்டி அளய்யா’ன்னு கத்தும். அவன் தட்டுவானா? வீட்டுக்கு வந்து எங்கம்மா தட்டி அளந்து பாக்கும். இவ்வளவு கொறையும். ‘நம்ம கையால அளந்தாலாவது தட்டி அளக்கணும்டி, வவுத்துக்குள்ள காத்துப் போகக் கூடாது’ன்னு…”

டொக், டொக்.

கதை சொல்லிக்கொண்டே பிலோமினா ரவைக்குள் கோப்பையை ஆழ விட்டு அள்ளினாள். அள்ளிய கோப்பையைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். ரவை இறங்கியது. இறங்கின இடத்தில் உள்ளங்கையால் இன்னொரு பிடி போட்டு அமுக்கினாள். அவள் கண் என் முகத்தில்தான் இருந்தது. கை தன்பாட்டுக்கு வேலை பார்த்தது.

அக்கா கண்ணாடிக்கு முன்னாலிருந்து எப்படிப் பாய்ந்து வந்தார் என்று எனக்குத் தெரியாது. கோப்பை அவர் கையில் இருந்தது. “வாய் மூடு! ரெண்டு பேரும்!” தட்டில் கொட்டிக் கொட்டி நிறுத்தார். உதடு மட்டும் அசைந்தது. முடிவில் நிமிர்ந்தார்.

“ஒரு கோப்பைக்குக் கிட்டத்தட்ட ஒரு அவுன்ஸ் கூட.”

“எதுக்கு?” என்றாள் பிலோமினா.

“நீ தட்டினதுக்கு.”

“நானா? நான் தட்டலையே!” என்றாள். சத்தியமாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே, கையில் கோப்பை இல்லாமலே தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். அதைத் தானே கண்டுவிட்டு, கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

பிறகு சீனியை அளக்கச் சொல்லிப் பேச்சுக் கொடுத்தோம். சீனியைத் தட்டவில்லை. சீனி அளக்கப் படித்தது நோனா வீட்டில். ரவையும் நறுக்கின கஜுவும் மட்டும் அவள் கைக்கு அரிசி மாதிரி. நோனா சொன்னது அவர் கோப்பைக் கணக்கு. அதைப் பிலோமினா கேட்டது அம்மாவின் காதால். அக்கா தூவி நிறுத்ததில் ரவை குறைந்துபோய்க் களியாயிற்று, கேக் நன்றாக வந்ததே அந்த இரண்டு தட்டால்தான். நோனாவே தன் கேக்கைவிடப் பிலோமினாவின் கேக் நல்லது என்று சொன்னாரே, அது ஏனென்று அவருக்கும் கடைசி வரை தெரிந்திருக்காது. 

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் பேக்கரிக்குப் போனோம். ஸ்டோர்க்காரன் புது நிறைப்படி சாமான்களை நிறுத்து, கடதாசிப் பைகளில் வைத்தான். பிலோமினா ரவைப் பையை எடுத்தாள். எடுத்ததும் மேசையில் டொக், டொக்.

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். “நிறுத்த சாமானத் தட்டினா பாரம் கூடுமா, புள்ள?”

“கூடாதுங்க முதலாளி. சும்மா… பழக்கதோசம்.”

“தட்டுங்க, தட்டுங்க. மேச நம்மடதான்.”

கேக் வெந்து இறங்கும் வரை பிலோமினா செபமாலை உருட்டினாள். நான் எனக்குத் தெரிந்த முருகனை எல்லாம் கூப்பிட்டேன். அக்கா மாவு மூட்டைகளுக்கு நடுவில் நின்று, ஈரக் காற்றில் மா பாரம் கூடுமா என்று ஸ்டோர்க்காரனை விசாரித்துக்கொண்டிருந்தார்.

முதலாளி தானே கத்தியை வாங்கி வெட்டினார். மேல் மொறுமொறுப்பு நொறுங்கிற்று. உள்ளே ஈரமாக, கத்தியில் ஒட்டாமல் வந்தது. ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, நிதானமாகச் சாப்பிட்டார். நாங்கள் மூன்று பேரும் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு இரண்டாவது துண்டை எடுத்தார்.

“ஒங்கட மகள் எந்தப் பள்ளிக்கூடம்?” என்று கேட்டார்.

பிலோமினா தடுமாறிச் சொன்னாள்.

“அப்ப அவவ அனுப்பிட்டே வாங்க. காலங்காத்தால ஓடி வரத் தேவயில்ல.”

அவ்வளவுதான். வேலை கிடைத்துவிட்டது என்று எங்களுக்கு விளங்கவே கொஞ்ச நேரம் சென்றது. வெளியே வந்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் பிலோமினாவுக்கு அழுகை வந்தது. நான் அவளைத் தேற்றிக்கொண்டே ஏறினேன். அக்கா மட்டும் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி மேட்டில், மாட்டு வண்டிக்கு முன்னால் நின்று, கையை ஒரு நாளும் நிறுக்கவில்லையே என்று சொன்னது அப்போதுதான்.

“அதுக்கென்னக்கா இப்ப? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே” என்றேன்.

“எங்க முடிஞ்சது? ஊரெல்லாம் லேபிள் ஒட்டி வைச்சிருக்கிறன். எல்லாம் என்ர கை அளந்த அளவு. உங்கட கை என்னண்டு அளக்குதெண்டு எனக்குத் தெரியாதே பிள்ளை! மூண்டாம் வீட்டுக்காரியைத் தாராளம் எண்டு சொல்லி வைச்சன். அவ எப்பிடி அள்ளுறாவோ, ஆருக்குத் தெரியும்?”

முகம் வாடியிருக்கும் என்று பார்த்தால், அந்தப் பழைய வெளிச்சம். பிட்டு கல்லாய்ப் போன ராத்திரியும் இப்படித்தான் இருந்திருப்பார்.

மீதி மேட்டை அவர் நடக்கவில்லை, ஓடினார். நாங்கள் வீடு வந்து சேரும்போது, தன் வீட்டுக்குப் போகாமல் நேரே என் குசினிக்குள் நின்றார். என் கள்ளச் சுண்டை எடுத்து, கவிழ்த்து, அடியில் வருசக்கணக்காக ஒட்டியிருந்த லேபிளைப் பெருவிரல் நகத்தால் சுரண்டி எடுத்தார். சுண்டை ஊதித் துடைத்து என் கையில் வைத்தார். அரிசிப் பானையை என் முன்னால் இழுத்துவிட்டார். பிறகு சுவரோரமாகத் தரையில் அமர்ந்து, தன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் நன்றாக அழுத்தி உட்கார்ந்துகொண்டு, பிலோமினாவைப் பார்த்து, “நீ இவளோட எதையாவது கதை” என்றார்.